நெல்சனின் நெஞ்சைத் தடவிக்கொடுத்த கப்பல் பாதிரியார்

200 வருடங்களுக்கு முன்பு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு மாலுமியின் மாதச் சம்பளத்திலிருந்தும் 4 பென்ஸ் பிடித்துக்கொள்வார்கள். அந்தக் காசு போய்ச் சேரும் இடம், கப்பலில் இருக்கும் பாதிரியாரின் பை. அவருக்குக் கடற்படை நேரடியாகக் கொடுத்தது மாதம் 19 ஷில்லிங்தான். மீதியை இப்படித் தலைக்கு 4 பென்ஸ் என்று தேற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்போது ஒரு பவுண்டுக்கு 240 பென்ஸ். 200 பேர் உள்ள சின்னக் கப்பல் என்றால் மாதம் மூன்றேகால் பவுண்டு சொச்சம் தேறும். 800 பேர் உள்ள பெரிய கப்பல் என்றால் 13 பவுண்டுக்கு மேல். ஆக, எந்தக் கப்பல் கிடைக்கிறது என்பதில்தான் பாதிரியாரின் பிழைப்பே இருந்தது. தன் சம்பளத்தில் கைவைக்கிற ஆளை மாலுமிக்குப் பிடிக்குமா என்பது வேறு விஷயம். போதாக்குறைக்கு, கறுப்பு அங்கி போட்டவர் ஏறினாலே கப்பலுக்கு ஆகாது என்ற நம்பிக்கை வேறு கடல்காரர்களிடம் இருந்தது.

ஆங்கிலத்தில் இவர்களை 'சாப்ளின்' என்பார்கள். சார்லி சாப்ளின் ஞாபகத்துக்கு வருகிறாரா? அந்தக் குடும்பப் பெயருக்கே மூலம் இந்தச் சொல்தான் என்கிறார்கள்.

இப்படி ஒரு கப்பல் பாதிரியாராகக் கடலுக்குப் போனவர்தான் அலெக்ஸாண்டர் ஜான் ஸ்காட். 1768-ல் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் படித்தவர். 1793-ல் கடற்படையில் சேர்ந்தார். அவரிடம் மற்ற பாதிரியார்களிடம் இல்லாத ஒரு சரக்கு இருந்தது: மொழிகள். ஃபிரெஞ்சு, ஸ்பானிஷ், இத்தாலி, ஜெர்மன் எல்லாம் அத்துப்படி. 1801-ல் கோபன்ஹேகன் போரின்போது டென்மார்க்கோடு சண்டை நிறுத்தம் பேச வேண்டி வந்தது. அந்த ஒப்பந்தத்தை எழுதும் வேலையில் ஸ்காட்டைத்தான் பயன்படுத்திக்கொண்டார் நெல்சன்.

நெல்சனைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடலாம். நெப்போலியனின் படைகள் ஐரோப்பாவை மிரட்டிக்கொண்டிருந்த காலத்தில் பிரிட்டனின் பெரிய நம்பிக்கை இந்தத் தளபதிதான். 1794-ல் கோர்சிகா தீவில் வலது கண் பார்வை போனது. 1797-ல் டெனெரீஃபில் வலது கை போனது. ஆள் ஒல்லி, அடிக்கடி உடம்பு படுத்தும், கடல் பயணத்தில் வாந்திகூட வரும். அவர் அப்பா ஒரு கிராமத்துப் பாதிரியார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

1803-ல் மத்தியதரைக் கடல் படைக்குத் தலைமை ஏற்றுப் புறப்பட்டபோது ஸ்காட்டையும் கூட்டிக்கொண்டார் நெல்சன். பதவி, பாதிரியார். வேலை, அந்தரங்க மொழிபெயர்ப்பாளர். கப்பல், 'விக்டரி'.

விக்டரியில் ஒரு குழப்பம் இருந்தது. நெல்சனின் அலுவல் செயலாளர் பெயரும் ஸ்காட். ஜான் ஸ்காட். ஒரே மேஜையில் இரண்டு ஸ்காட் உட்கார்ந்தால் யாரைக் கூப்பிடுவது? பாதிரியாரை 'டாக்டர்' ஆக்கிவிட்டார்கள். உண்மையில் அப்போது அவருக்கு டாக்டர் பட்டம் கிடையாது. கேம்பிரிட்ஜ் அதை வழங்கியது 1806-ல், நெல்சன் இறந்த பிறகு.

இந்தப் பயணம் எவ்வளவு நீளம் என்று ஊகிக்க முடிகிறதா? ஃபிரான்ஸின் தூலோன் துறைமுகத்தை விட்டு எதிரிக் கப்பல்கள் நழுவிவிடாமல் கடலிலேயே காவல் இருக்க வேண்டும். கரை ஒதுங்கினால் எதிரி தப்பிவிடுவான். 1803 ஜூலையிலிருந்து 1805 ஜூலை வரை, இரண்டு வருடத்துக்குப் பத்தே நாள் குறைவு, நெல்சன் தன் கப்பலை விட்டு நிலத்தில் கால் வைக்கவில்லை. குடிதண்ணீர், ஆடு மாடு, வெங்காயம், எலுமிச்சை எல்லாம் கப்பலைத் தேடித்தான் வரும். ஒரே முகங்கள். ஒரே மரச் சுவர்கள். குளிர்காலத்தில் புயல், மற்ற நாளில் சலிப்பு.

சலிப்பைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். ஏனென்றால் நெடுங்கடல் பயணத்தில் பாதிரியார் வேலை என்பது பெரும்பாலும் அதோடு மல்லுக்கட்டுவதுதான். ஞாயிற்றுக்கிழமை மேல்தளத்தில் பிரார்த்தனை, பிரசங்கம். நோயாளிகளைப் போய்ப் பார்ப்பது. யாராவது இறந்தால், அவர் படுத்திருந்த தொங்கு படுக்கைத் துணியிலேயே உடலைத் தைத்து, மூழ்குவதற்குக் கால்மாட்டில் பீரங்கிக் குண்டு வைத்து, ஜெபம் சொல்லிக் கடலில் இறக்குவது. பல கப்பல்களில் சிறுவயதுப் பயிற்சி அதிகாரிகளுக்குப் பாடம் எடுப்பதும் அவர் தலையில்தான் விழும். அந்தப் பையன்களில் சிலருக்கு வயது 12, 13தான்.

ஸ்காட்டின் பிரசங்கத்துக்கு ஒரு கண்டிப்பான விமர்சகர் இருந்தார். வேறு யார், பாதிரியார் மகன் நெல்சன்தான். பிரசங்கம் நன்றாக இருந்தால் நன்றி சொல்வார். மாலுமிகளுக்குப் புரியாத மாதிரி இருந்தால் அதையும் சொல்லிவிடுவார். சில சமயம் தன் அறையிலிருந்து ஒரு பிரசங்கப் புத்தகத்தை எடுத்து நீட்டுவார். பொருத்தமான பக்கம் ஏற்கெனவே குறிக்கப்பட்டிருக்கும். அடுத்த ஞாயிறு இதைச் செய்யுங்களேன் என்பார். மேலதிகாரி சொல்கிறார், என்ன செய்வது?

ஆனால், வாரத்தில் மற்ற ஆறு நாளும் ஸ்காட் செய்த வேலை வேறு. பிடிபட்ட எதிரிக் கப்பல்களிலிருந்து மூட்டை மூட்டையாகக் காகிதங்கள் வரும். செய்தித்தாள், வியாபாரக் கணக்கு, தனிப்பட்ட கடிதங்கள். நெல்சனின் அறையில் இரண்டு தோல் நாற்காலிகளைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அவற்றின் பக்கப் பைகளில் பிரிக்காத கடிதங்கள் திணித்துக் கிடக்கும். பாதிரியார் ஒவ்வொன்றாகப் பிரித்து, படித்து, மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும். யாரோ மனைவிக்கு எழுதியது, யாரோ மகனுக்கு எழுதியது. ஸ்காட்டுக்குக் கண் சொருகும். நெல்சன் விடமாட்டார். எந்தத் துண்டுக் காகிதத்தில் எந்தத் துப்பு இருக்குமோ என்பது அவர் எண்ணம்.

மற்றவர்களின் ரகசியத்தைக் காப்பாற்ற வேண்டிய ஆள், மற்றவர்களின் ரகசியத்தைப் பிரித்துப் படிக்கிறார். போர் என்றால் இதெல்லாம் சகஜம் என்று சொல்லிவிடலாம்தான். இருந்தாலும் கொஞ்சம் உறுத்துகிற காட்சி அது.

இன்னொரு வேலையும் உண்டு. உடம்பு சரியில்லை, கரையில் கொஞ்ச நாள் ஓய்வு என்று சொல்லிக்கொண்டு ஸ்காட் இறங்குவார். பாதிரியாரை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? ஊர்ப் பெரியவர்களோடு விருந்து சாப்பிட்டு, பேச்சுக் கொடுத்து, கேட்டதையெல்லாம் மனதில் ஏற்றிக்கொண்டு கப்பலுக்குத் திரும்புவார். 'உளவாளி' என்று எந்தப் பதிவேட்டிலும் எழுதமாட்டார்கள், அவ்வளவுதான்.

நல்ல காரியத்துக்கும் அதே மொழித் திறமை உதவியது. சார்டினியாவின் வடக்கே லா மதலேனா என்ற குட்டித் தீவின் அருகில் நெல்சனின் படை அடிக்கடி நங்கூரம் போடும். தீவு மக்கள் காட்டிய அன்புக்கு நன்றியாக, 1804-ல் அவர்களது தேவாலயத்துக்கு வெள்ளிச் சிலுவையும் மெழுகுவத்தித் தண்டுகளும் அனுப்பினார் நெல்சன். ஸ்காட் வழியாகத்தான் அது நடந்தது. கொடுத்தவர்கள் புராட்டஸ்டன்ட், வாங்கியவர்கள் கத்தோலிக்கர்கள். அந்தக் காலத்தில் இது சாதாரணமில்லை. அந்தப் பரிசு இன்றும் அந்தத் தீவில் இருக்கிறது. அனுப்பிய நெல்சன் மட்டும் ஒரு தடவைகூட அந்தத் தீவில் இறங்கவில்லை.

ஸ்காட் உடம்பால் திடமானவர் இல்லை. விக்டரிக்கு வருவதற்கு முன்பே, மேற்கிந்தியத் தீவுகள் பக்கம் போன ஒரு கப்பலில் அவர் தூங்கிக்கொண்டிருந்தபோது மின்னல் தாக்கியது. அவர் படுக்கைக்கு மேலே தொங்கிய வெடிமருந்து பற்றிக்கொண்டது. பற்கள் சில போயின, கண்ணும் காதும் பாதிக்கப்பட்டன. அதற்குப் பிறகு நரம்புத் தளர்ச்சி. இப்படிப்பட்ட ஒருவர் 104 பீரங்கிகள் கொண்ட கப்பலில் இருந்தார் என்பதை மறந்துவிடாதீர்கள்.

1805-ல் எதிரிப் படை நழுவியேவிட்டது. நெல்சன் அட்லாண்டிக்கைக் கடந்து ஜூன் 4-ல் பார்படோஸ் வரை துரத்திப்போனார். கிடைக்கவில்லை. திரும்ப ஐரோப்பா. ஆகஸ்ட்டில் வீட்டுக்கு வந்து சேர்ந்தவருக்குக் கரையில் கிடைத்தது 25 நாள்தான். செப்டம்பரில் மறுபடி விக்டரி. இரண்டு ஸ்காட்களும் கூடவே.

1805 அக்டோபர் 21. ஸ்பெயினின் டிரஃபால்கர் முனை.

போர் தொடங்கினால் பாதிரியாருக்கு மேலே வேலையில்லை. அவர் இடம் கப்பலின் அடியில், நீர்மட்டத்துக்கும் கீழே இருக்கும் 'காக்பிட்'. விமானத்தில் வருகிற காக்பிட் வேறு. இங்கே ஜன்னல் கிடையாது, வெளிச்சத்துக்கு லாந்தர், நிமிர்ந்து நிற்கவே உயரம் பத்தாது. காயம்பட்டவர்களை அங்கேதான் கொண்டுவந்து கிடத்துவார்கள். அறுவை மருத்துவர் வில்லியம் பீட்டி அங்கே கை கால்களை அறுத்து எடுத்துக்கொண்டிருந்தார். மயக்க மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம்.

மேலே, சண்டை தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே பீரங்கிக் குண்டு ஒன்று ஜான் ஸ்காட்டைக் கொன்றது. கேப்டன் ஹார்டியோடு பேசிக்கொண்டிருந்தவர் அடுத்த நொடி இல்லை. உடலை உடனே கடலில் தள்ள வேண்டியிருந்தது. விக்டரியில் இப்போது ஒரே ஒரு ஸ்காட்.

அவர் கீழே என்ன செய்துகொண்டிருந்தார்? ஆறுதல் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், சாகிறவர்களுக்காக ஜெபித்தார். அப்போது ஒரு இளம் அதிகாரி, வலி பொறுக்க முடியாமல், தனக்குப் போட்ட கட்டைத் தானே பிய்த்து எறிந்து ரத்தம் வடிந்தே இறந்துபோனார். அந்த இடத்தில் ஸ்காட் உடைந்துவிட்டார். ரத்தத்தில் வழுக்கிய ஏணிப்படியில் ஏறி மேலே ஓடினார்.

இதைச் சிலர் கோழைத்தனம் என்று சொல்லக்கூடும். அப்படிச் சொல்பவர்கள் அந்த அறையில் கால் மணி நேரம் நின்றவர்களாக இருக்கமாட்டார்கள்.

மேலே ஒரே புகை, கூச்சல். அவர் மூச்சு வாங்குவதற்குள், மதியம் ஒன்றேகால் மணியளவில், நெல்சன் சுடப்பட்டு விழுந்தார். எதிரிக் கப்பலின் பாய்மரத்தில் இருந்தவன் சுட்ட குண்டு தோள் வழியே இறங்கி முதுகெலும்பை உடைத்திருந்தது. வீரர்கள் மனம் தளர்ந்துவிடக் கூடாது என்று கைக்குட்டையால் தன் முகத்தையும் பதக்கங்களையும் மூடிக்கொண்டார் நெல்சன். அவரைத் தூக்கிக்கொண்டு கீழே போனார்கள். எந்த இடத்திலிருந்து தப்பி ஓடி வந்தாரோ, அதே இடத்துக்கு ஸ்காட் பின்னாலேயே இறங்கினார்.

அதற்குப் பிறகு மூன்று மணி நேரம் அவர் நகரவில்லை.

நெல்சனைச் சாய்த்து வைத்தால்தான் வலி கொஞ்சம் தாங்கும். அதனால் ஸ்காட்டும், கப்பலின் பண்டகப் பொறுப்பாளர் வால்டர் பர்க்கும் ஆளுக்கொரு பக்கம் தலையணையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே இருந்தார்கள். நெல்சனுக்குத் தாகம். எலுமிச்சைச் சாறும் தண்ணீர் கலந்த ஒயினும் கொடுத்தார்கள். புழுக்கம். காகிதத்தால் விசிறினார்கள். நெஞ்சைத் தேய்த்துவிட்டால் வலி சற்றுக் குறைவதாக நெல்சன் சொல்ல, ஸ்காட் தேய்த்துக்கொண்டே இருந்தார். தலைக்கு மேலே பீரங்கிகள் முழங்க முழங்க, கப்பலே குலுங்கக் குலுங்க, ஒரு கையால் தலையணை, மறு கையால் நெஞ்சு.

சாகப்போகிற நெல்சன் பாதிரியாரிடம் பேசினார், விட்டு விட்டு, மெல்லிய குரலில். தான் அப்படியொன்றும் பெரிய பாவி இல்லை என்றார். எம்மா ஹாமில்டனையும் அவர் மூலம் பிறந்த மகள் ஹொரேஷியாவையும் நாடு பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். எம்மா அவரது மனைவி இல்லை. ஊரே கைகொட்டிச் சிரித்த உறவு அது. ஸ்காட்டுக்கு அது நன்றாகத் தெரியும். மரணப் படுக்கையில் இருப்பவரிடம் அதைக் கிளறுகிற பாதிரியார்களும் உலகத்தில் உண்டு. இவர் கிளறவில்லை, தேய்த்துக்கொண்டே இருந்தார்.

கடமையைச் செய்துவிட்டேன், கடவுளுக்கு நன்றி என்பதைத்தான் கடைசியாகத் திரும்பத் திரும்பச் சொன்னார் நெல்சன். நாலரை மணிக்கு உயிர் பிரிந்தது. அன்று விக்டரியில் மட்டும் 57 பேர் இறந்தார்கள், 102 பேர் காயமடைந்தார்கள். வெற்றி பிரிட்டனுக்கு.

உடலை இங்கிலாந்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு பெரிய பீப்பாயில் வைத்து பிராந்தி ஊற்றினார்கள். போர் முடிந்த கையோடு பெரும்புயல் வேறு. பாய்மரங்கள் சிதைந்த விக்டரியை இழுத்துக்கொண்டுதான் ஜிப்ரால்டர் போனார்கள். டிசம்பர் 4-ல் இங்கிலாந்தை எட்டிப்பிடித்தது கப்பல். கிரீனிச்சில் உடலைப் பெட்டியில் வைத்து மூன்று நாள் மக்கள் பார்வைக்கு விட்டபோது கூட்டம் அலைமோதியது. 1806 ஜனவரி 9-ல் லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில் அடக்கம். அதுவரை பெட்டியின் பக்கத்திலேயே இருந்தார் ஸ்காட். போகச் சொன்னாலும் போகவில்லை. அங்கிருந்தபடியே எம்மாவுக்குக் கடிதங்கள் எழுதினார்.

அப்புறம் நடந்தது எல்லாம் வழக்கமான கதை. நெல்சனின் அண்ணன் வில்லியமுக்கு ஏர்ல் பட்டம், வருடம் 5,000 பவுண்டு பென்ஷன். எம்மாவுக்கு அரசாங்கம் ஒன்றும் கொடுக்கவில்லை. கடன்காரர்களிடம் சிக்கிச் சிறைவரை போய், 1815-ல் ஃபிரான்ஸின் கலே நகரில் ஏழையாக இறந்தார். ஸ்காட்டுக்கு ஒரு நல்ல தேவாலயப் பதவி கிடைக்கும் என்று எதிர்பார்த்தார்கள். கிடைக்கவில்லை. எஸ்ஸெக்ஸில் சவுத்மின்ஸ்டர் என்ற ஊரில் பாதிரியாராகக் காலம் தள்ளினார். 1811-ல் மனைவியும் இறந்துபோனார், சின்னப் பெண் குழந்தைகளை விட்டுவிட்டு. ஒருவழியாக 1816-ல்தான் யார்க்ஷயரின் கேட்டரிக்கில் கொஞ்சம் வசதியான இடம் அமைந்தது. ஒரு வண்டிப் புத்தகங்களோடு அங்கே போய்ச் சேர்ந்தார்.

பிரிட்டிஷ் கடற்படையில் அந்த 4 பென்ஸ் பிடித்தம் 1812-ல் ஒழிந்தது. இன்றும் அங்கே கப்பல் பாதிரியார்கள் இருக்கிறார்கள். மாதக்கணக்கில் கடலில் இருக்கும் கப்பலில், வீட்டில் அம்மா இறந்துவிட்டார் என்ற தகவலை 20 வயதுப் பையனிடம் சொல்வதற்கு ஒரு ஆள் வேண்டுமே. அவர்களுக்கு ஆயுதம் கிடையாது. ரேங்க்கும் கிடையாது. யாரோடு பேசுகிறார்களோ அவருடைய ரேங்க்தான் அந்த நேரத்துக்குப் பாதிரியாருடைய ரேங்க். கேப்டனோடு பேசினால் கேப்டன், சமையல்காரரோடு பேசினால் சமையல்காரர். கடற்படையில் இதைவிடப் புத்திசாலித்தனமான விதி இருக்குமா என்பது சந்தேகம்.

சரி, எல்லோரும் வந்து பாரத்தை இறக்கி வைக்கிற அந்த ஆள், தன் பாரத்தை எங்கே இறக்குவார்? ஸ்காட் விஷயத்தில் பதில், எங்கேயும் இல்லை. டிரஃபால்கரில் இருந்தவர் என்றாலே ஊரில் மரியாதை. நெல்சனின் கடைசி மூச்சைக் கேட்டவர் என்றால் கேட்கவே வேண்டாம். விருந்துக்குக் கூப்பிட்டு வாயைக் கிளறுவார்கள். அவர் பேசமாட்டார். மிகவும் வற்புறுத்தினால், கசாப்புக்கடை மாதிரி இருந்தது என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. 35 வருடம் இதே பதில்தான்.

1840-ல், தன் மகள் மார்கரெட்டின் வீட்டில், எக்கில்ஸ்ஃபீல்டில் இறந்தார் ஸ்காட். அவருக்கு வயது 72. இரண்டு வருடம் கழித்து மார்கரெட்டும் அவர் கணவர் ஆல்ஃபிரட் காட்டியும் சேர்ந்து அப்பாவின் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார்கள். தோல் நாற்காலியில் கிடந்த கடிதங்கள், குறித்துவைத்த பிரசங்கப் பக்கம், வழுக்கிய ஏணிப்படி எல்லாம் இன்று நமக்குத் தெரிவது அந்தப் புத்தகத்தால்தான். மார்கரெட் பிற்பாடு குழந்தைகளுக்குக் கதை எழுதிப் பேர் வாங்கினார். அதோடு, கடற்கரை கடற்கரையாக அலைந்து கடல்பாசிகளைச் சேகரித்து, 1863-ல் பிரிட்டனின் கடல்பாசிகளைப் பற்றி ஒரு பெரிய நூலும் வெளியிட்டார். அவருடைய மகளும் குழந்தைகளுக்கான எழுத்தாளர்தான். ஸ்காட் இறந்த மறுவருடம் பிறந்த அந்தப் பேத்திக்கு வைத்த பெயர், ஜூலியானா ஹொரேஷியா. நெல்சனின் முதல் பெயர் ஹொரேஷியோ.